பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் இனி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதைக் கைகழுவிய பிறகு, சொந்தக்காரர் வீட்டுக்கு எங்கே போனாலும் காபி வருவதற்கு முன்னால் ஒரு பழைய லேப்டாப் வந்துவிடுகிறது. "இதுல 11 ஏறாதாம்ப்பா, தூக்கிப் போட்டுடலாமா?" அப்படி வந்தவற்றில் சிலவற்றில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்து, வீட்டில் இருப்பவர்கள் அதை எப்படிப் புழங்குகிறார்கள் என்று நிதானமாகப் பார்த்த பிறகு எழுதும் விமர்சனம் இது. எங்கள் வீட்டிலும் ஒன்று ஓடுகிறது. முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மின்ட் நல்ல பொருள், இலவசம், வீட்டு உபயோகத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் உங்களுக்கு அது சரிப்படுமா என்று தெரிய வேண்டுமானால் லேப்டாப்பைப் பார்ப்பதைவிட உங்கள் பிரிண்டரையும், நீங்கள் தமிழ் டைப் செய்யும் முறையையும் பாருங்கள். வீடியோக்களில் வேகம், அழகு என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து "பழையபடியே விண்டோஸ் போட்டுக் குடுத்துடு" என்று சொல்ல வைப்பவை இந்த இரண்டும்தான்.

எல்லாரும் மின்ட்டுக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். ஐ3-5005யூ என்று இருந்தால் அந்த முதல் 5-தான் தலைமுறை, ஆகவே அது வெளியே. அப்படி வெளியே நிற்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கொடுக்கும் ஈஎஸ்யூ என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசு இல்லாமலே சேரலாம். சேர்வதற்கான இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருளை ஓட்டுகிறவர்களும், ஆடிட்டர் கொடுத்த எக்ஸெல் மேக்ரோவை நம்பி இருப்பவர்களும் அதில் சேர்ந்துவிட்டு, வேறு லேப்டாப்புக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, அதை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று சொல்கிறவர் மாதக் கடைசியில் உங்கள் கடைக்கு வந்து உட்காரப் போவதில்லை. டிபிஎம் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. ஏறும், ஓடும், ஆனால் இப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அந்த அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடும்.

சரி, மின்ட். 2006-இல் கிளெம் லெஃபெவ்ர் என்பவர் தொடங்கியது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாக வைத்து அதன்மேல் விண்டோஸ் பழகிய கண்ணுக்குப் பிடித்த மாதிரி மெனுவும் டாஸ்க்பாரும் போட்டுத் தருகிறார்கள். இப்போதைய 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் நிற்கிறது, 2029 வரை அப்டேட் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண் பெயர் வைப்பது இவர்கள் வழக்கம். 2012-இல் வந்த 13-க்கு மாயா, 2021-இல் வந்த 20.2-க்கு உமா. எங்கள் அத்தை பெயர் உமா என்பதால் அந்த ஒரு பதிப்புக்கு மட்டும் குடும்பத்தில் எதிர்ப்பே வரவில்லை. திரைத் தோற்றத்தில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று வடிவம் கிடைக்கும். 4 ஜிபி ராம் இருந்தால் சின்னமன் போடலாம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்ப காலத்தில் வந்தவை 2 ஜிபி ராம் கொண்டவை, அவற்றுக்கு எக்ஸ்எஃப்சிஇதான், அதிலும் பிரவுசரில் பத்து டேப் திறக்கும் ஆசை கூடாது. (அந்த மடிக்கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் கூடவே வந்தது. அதைத் திறந்து பார்க்காமலே அழித்தவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.)

மின்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடிவது. இறக்கும் ஃபைல் 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்து, விண்டோஸிலேயே ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து எழுத வேண்டும். சும்மா காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதாவது லேப்டாப் அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் எழுதும்போது பென் டிரைவில் இருக்கும் கல்யாண போட்டோ எல்லாம் அழிந்துபோகும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் லேப்டாப்பை அணைத்து ஆன் செய்யும்போது பூட் மெனு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அல்லது எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அடித்து பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அந்த மெனுவை எனேபிள் செய்தால்தான் வேலை செய்யும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனையை அணைக்க வேண்டியதில்லை, மின்ட் அதோடு ஒத்துப்போகும்.

பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போடாதீர்கள். வைஃபை, சவுண்ட், கேமரா, வெளிச்சம் கூட்டிக் குறைப்பது, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பது, இதையெல்லாம் பாருங்கள். பழைய லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் முதலில் வைஃபையே காட்டாது. பயப்பட வேண்டாம், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் உடனே இன்டர்நெட் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கு வேண்டியதை அதுவே தேடிக் கொடுக்கும்.

அடுத்ததாக இங்கேயே, இன்ஸ்டால் பட்டனைத் தொடுவதற்கு முன்னால், பிரிண்டரை இழுத்து வந்து சொருகுங்கள்.

பிரிண்டர் கதை மாடலுக்கு மாடல் மாறும். கடந்த சில வருடங்களில் வாங்கிய வைஃபை பிரிண்டர் என்றால், ஐபோனிலிருந்து நேரடியாக பிரிண்ட் ஆகும் ஏர்பிரிண்ட் வசதி அதில் இருந்தால், மின்ட்டில் டிரைவரே வேண்டாம். ஒரே வைஃபையில் இருந்தால் தானாகவே பட்டியலில் வந்து உட்காரும். விண்டோஸில் டிரைவர் சிடியைத் தேடி அலைந்த ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்கும். இன்க் டேங்க் பிரிண்டர்களில் எப்சன் எல் வரிசை நம் வீடுகளில் அதிகம், அதற்கு லினக்ஸ் டிரைவரை எப்சனே கொடுக்கிறது, மின்ட்டில் டபுள் கிளிக் செய்து போடக்கூடிய டெப் ஃபைலாக. ஸ்கேனருக்கும் மெனுவில் டாக்குமென்ட் ஸ்கேனர் என்று ஒன்று முன்னாலேயே இருக்கிறது, ஆதார் நகல் எடுத்து பிடிஎஃப் ஆக்குவதற்கு அதைவிட எளிதானது விண்டோஸில்கூட நான் பார்க்கவில்லை.

சிக்கல் பழைய லேசர் பிரிண்டர்களில். எச்பி லேசர்ஜெட் 1020 இன்னும் எத்தனையோ வீடுகளில், வக்கீல் ஆபீஸ்களில் உயிரோடு இருக்கிறது. அதை மின்ட்டில் சொருகினால் பெயர் சரியாக வரும், பிரிண்ட் கொடுத்தால் வேலை முடிந்தது என்றும் சொல்லும், பிரிண்டர் மட்டும் அசையாது. காரணம், அந்த பிரிண்டருக்குள் அதை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் நிரந்தரமாகத் தங்குவதில்லை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்பி வைக்க வேண்டும். அனுப்பும் அந்தத் துண்டை எச்பிலிப் என்ற மென்பொருள் வழியாக பிளக்-இன் என்று தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். போட்டுவிட்டு பிரிண்டரை அணைத்து ஆன் செய்தால் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் வரும், அப்புறம் சரியாகப் போகும். கேனான் எல்பிபி2900 வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டம். அது கேப்ட் என்ற தனி முறையில் பேசும் பிரிண்டர். அதற்கும் லினக்ஸ் டிரைவர் உண்டு என்றாலும் பழசு, நிறுவும் வழி முழுக்க டெர்மினலில் கட்டளை அடிப்பது. செய்ய முடியும், ஆனால் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த பிரிண்டரில் தினமும் வேலை இருக்கிறது என்றால் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை அதற்கென்றே விட்டுவைப்பது மேல்.

அடுத்தது தமிழ் டைப்பிங். இங்கே மின்ட் ஒரு விதத்தில் ஏமாற்றும், இன்னொரு விதத்தில் அசத்தும். கீபோர்டு அமைப்புகளுக்குள் போனால் தமிழ்நெட் 99 என்று, அதாவது தமிழ்99 என்று நாம் சொல்லும் லேஅவுட் இருக்கும், பார்த்ததும் சந்தோஷமாகத் தேர்ந்தெடுப்போம். ஆனால் அது ஒரு பட்டனுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் மட்டுமே வேலை செய்யும். தமிழ்99-இன் அழகே அது தானாகப் புள்ளி வைப்பதில் இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கு பட்டன் தட்டினால் அம்மா என்று வர வேண்டும், ந, த என்று தட்டினால் ந்த என்று வர வேண்டும். அந்த லேஅவுட்டில் இது நடக்காது. இதைப் பார்த்துவிட்டு "லினக்ஸ்ல தமிழ் சரியில்ல" என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். செய்ய வேண்டியது, ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடிப் போட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வந்து, அந்தப் பட்டியலில் இருக்கும் தமிழ்99-ஐச் சேர்ப்பது. அதற்குப் பிறகு புள்ளி தானாக விழும், மின்ட்டோடு வரும் ஆபீஸ் தொகுப்பான லிப்ரேஆபீஸ், பிரவுசர், வாட்ஸ்அப் வெப் எல்லா இடத்திலும்.

அதே பட்டியலில் ஃபொனெட்டிக்கும் இருக்கிறது, பழைய தமிழ் டைப்ரைட்டர் லேஅவுட்டும் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் பெரியப்பாவுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் மின்ட்டையே ஏற்றுக்கொள்ள வைத்தது. கோயில் கமிட்டி நோட்டீஸ் எல்லாம் அவர் கையால்தான். "பெரியப்பா, இப்போ அடிச்சுப் பாருங்க" என்று தள்ளி உட்கார்ந்தேன். கீபோர்டைப் பார்க்காமல் ஒரு வரி முழுக்க ஓட்டிவிட்டு, "எல்லாம் சரிடா, கமா எங்க போச்சு?" என்றார். நிறுத்தக்குறிகள் சில இடம் மாறித்தான் இருந்தன, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். கூகுள் மாதிரி ஆங்கிலத்தில் அடித்தால் சொல்லையே ஊகித்துத் தரும் வசதிக்குப் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக் முதலில் எரிச்சல் தரும், ஏனென்றால் அது ஊகிக்காது, வணக்கம் என்று வர வேண்டுமானால் ண-வுக்கு கேப்பிட்டல் என் அடித்தே ஆக வேண்டும். அது வேண்டாம் என்றால் கூகுள் டாக்ஸில் பிரவுசருக்குள்ளேயே தமிழ் உள்ளீடு இருக்கிறது, அது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒன்றுதான். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் வைத்து ஓட்டியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, அது இங்கே வராது, மேலே சொன்ன ஐபஸ்தான் மாற்று.

வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்து வைத்த பழைய ஃபைல்கள் தனிச் சள்ளை. 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தும் ஊரில் பாதி நோட்டீஸ் இன்னும் அந்தப் பழைய எழுத்துருக்களில்தான் பிறக்கிறது. எழுத்துரு ஃபைலை டபுள் கிளிக் செய்து நிறுவினால் மின்ட்டில் படிக்க முடியும், பிரிண்டும் எடுக்கலாம். திருத்தி எழுத வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது, அதற்கு ஆன்லைனில் மாற்றிகள் நிறைய உண்டு.

வேர்டு ஃபைல்களை லிப்ரேஆபீஸ் திறக்கும், ஆனால் லதா, நிர்மலா மாதிரியான தமிழ் எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை, மின்ட்டில் இருக்காது. வேறு எழுத்துரு அந்த இடத்தில் வந்து நிற்பதால் ஒரு பக்கத்தில் அடங்கிய கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு இரண்டு வரி வழியும். அடுத்தவருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் இந்த வம்பே இல்லை.

எல்லாம் சரி என்று தோன்றிய பிறகு இன்ஸ்டால் செய்யலாம். அதற்கு முன் விண்டோஸில் மூன்று வேலை. போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு எடுத்து, எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் ரிகவரி கீயை எழுதி வையுங்கள். விண்டோஸ், மின்ட் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பவர் ஆப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஷட்டவுன் செய்த பிறகும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் டிரைவைப் பிடித்துக்கொண்டே இருக்கும், மின்ட்டிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாது. இரண்டும் இருக்கும் லேப்டாப்பில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: மின்ட்டில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பலரும் பயாஸ் பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை. மின்ட்டில் ஒரு வரிக் கட்டளையில் இதைச் சரி செய்துவிடலாம், பேட்டரிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு இருக்கும் லேப்டாப்பில் மின்ட் போட்டால் விண்டோஸ் 10-ஐவிட நன்றாக இருக்கும், ஆனால் துள்ளிக் குதிக்காது. டிஸ்க் எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்கும் அந்த நோய் போகும், குரோம் திறக்கும் நேரம் பெரிதாக மாறாது. அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி மாற்றினால் மட்டுமே உண்மையான வித்தியாசம் தெரியும், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய ஹார்ட் டிஸ்கின் இடத்தில் பெரும்பாலும் அப்படியே உட்காரும். மாற்றுவதாக இருந்தால் மின்ட்டை நேரே அந்தப் புதிய எஸ்எஸ்டியில் ஏற்றுங்கள், பழைய ஹார்ட் டிஸ்கை விண்டோஸோடு அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் மறுபடி மாட்டிவிட வேண்டியதுதான். வீட்டில் பெரியவர்களுக்குத் தைரியம் கொடுக்கும் ஏற்பாடு இது.

அப்டேட் விஷயத்தில் மின்ட் மரியாதை தெரிந்தது. மூலையில் ஒரு சின்னக் கேடயம், அதில் ஒரு புள்ளி வந்தால் அப்டேட் இருக்கிறது என்று அர்த்தம். உங்களைக் கேட்காமல் நடுவில் ரீஸ்டார்ட் ஆகாது. கூடவே டைம்ஷிஃப்ட் என்று ஒன்று வருகிறது, அப்டேட்டில் ஏதாவது கெட்டுப்போனால் முந்தின நிலைக்குத் திரும்பலாம், முதல் நாளே அதை அமைத்துவிடுங்கள். ஆனால் அது சிஸ்டம் ஃபைல்களை மட்டுமே காக்கும், உங்கள் போட்டோவையும் டாக்குமென்ட்டையும் இயல்பாகத் தொடாது. டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் இருந்தால் டிஸ்க் போகும் அன்று ஒன்றும் மிஞ்சாது. ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை. அதை வைத்து "இதுல வைரஸே வராது" என்று வீட்டில் சொல்லி வைப்பதுதான் ஆபத்து. திரை முழுக்கச் சிவப்பாகி, உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று வரும் பக்கம் மின்ட்டிலும் அப்படியேதான் வரும், ஏனென்றால் அது வெறும் வெப்சைட். ஆல்ட், எஃப்4 அழுத்தி பிரவுசரை மூடினால் போதும். போன் செய்து, அவர்கள் சொன்ன ஆப்பைப் போட்டு, பணமும் போய்விட்டது என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், அங்கே நேரம்தான் முக்கியம்.

குறை என்று பார்த்தால் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அது மின்ட்டின் தவறும் இல்லை. ஏதாவது பிரச்சினை என்று லேப்டாப்பைத் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் மின்ட்டைப் பார்த்ததும் முதல் வேலையாக அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள், கேட்டால் "ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு சார்" என்பார்கள். கீபோர்டு மாற்றவோ சார்ஜர் பின்னை ஒட்டவோ கொடுத்தாலும் "டிஸ்கைத் தொடாதீங்க" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், முடிந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். பெரும்பாலான பழைய லேப்டாப்புகளில் பின்பக்கம் சில ஸ்க்ரூதான், ஒரு சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். கழற்றுவதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி வெளியே வரும் வகையாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.